இசக்கிமுத்து வீட்டு வெந்நீர்

மழை தொடங்கி எத்தனை நாளாயிற்று என்று பனிமேட்டில் யாரும் யாரையும் கேட்பதை நிறுத்திவிட்டிருந்த ஓர் ஆடி மாதத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பகுதியில் வேலை பார்க்கும் இசக்கிமுத்துவின் வீட்டுக் குளியலறையில் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஹீட்டர், கரண்ட் இல்லாமலே வெந்நீர் கொடுக்க ஆரம்பித்தது.

அந்த ஹீட்டர் மேனேஜர் பங்களாவிலிருந்து வந்தது. அங்கே புதிது மாட்டியபோது பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். தூக்கிப் போடச் சொன்ன எதையும் இந்த ஜென்மத்தில் தூக்கிப் போட்டறியாத இசக்கிமுத்து அதைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்து, குவார்ட்டர்ஸிலேயே ஹீட்டர் இருக்கிற ஒரே வீடு தன் வீடுதான் என்று ஆக்கிக்கொண்டான். அந்தப் பெருமை கொஞ்ச காலம்தான். ஒரு நாள் கொதிக்கும், ஒரு நாள் பச்சைத் தண்ணீராக வரும், ஒரு நாள் குழாயைத் தொட்டால் முழங்கை வரை ஷாக் அடிக்கும். அவன் மனைவி மாரிச்செல்வி, இது ஒரு நாள் பிள்ளையைத் தூக்கி எறியத்தான் போகிறது என்று சொல்லிச் சொல்லிச் சலித்து, ஏழு வயது மகள் செண்பகாவை அந்தக் குழாய்ப் பக்கமே விடாமல், பின்வாசலில் கல் கூட்டி ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, அடுப்புத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினாள். செல்விக்கு இருப்பது அந்த ஒரே பிள்ளை. அதற்கு முன் உண்டான இரண்டு, முகம் காட்டாமலே போய்விட்டன.

அவள் தொணதொணப்புத் தாங்காமல்தான் இசக்கிமுத்து கீழ் பஜாரிலிருந்து மெக்கானிக் வின்சென்ட்டைக் கூட்டிவந்தான். வின்சென்ட் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற காயில் கருகிப் பொடியாகி நிற்கிறது, இதைச் சரி செய்வதற்குப் பதில் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார். வயரை வெட்டினார், காயிலை உருவிப் பையில் போட்டுக்கொண்டார், சுவிட்சையும் கழற்றினார். நாளைக்கு ஆள் கூட்டிவந்து ஹீட்டர் தொட்டியைச் சுவரிலிருந்து இறக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸில் போனார். அந்த பஸ் போன பின்னால் கொண்டை ஊசி வளைவில் பாதி மலை சரிந்து சாலையில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பனிமேட்டுக்கு பஸ் இல்லை, வின்சென்ட்டும் இல்லை.

மறுநாள் காலையில் இசக்கிமுத்து கால் கழுவக் குழாயைத் திறந்தான். வயர் இல்லை, காயில் இல்லை, சுவிட்ச் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது, வெந்நீர் வந்தது. அவன் காலைக் கழுவிவிட்டு, இவ்வளவு நல்ல தண்ணீரைக் காலோடு விடுவானேன் என்று குளித்தும் முடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

பனிமேட்டு ஆட்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதிசயத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிற ரகம் இல்லை அவர்கள். வாயைப் பிளப்பதற்கு முன்னால் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இசக்கிமுத்து வீட்டில் கரண்ட் இல்லாமல் வெந்நீர் வருகிறது என்று தெரிந்த அன்றைக்கே, கொழுந்து பறித்துவிட்டு விறைத்த விரலோடு வந்தவர்கள், அட்டை கடித்த காலோடு வந்தவர்கள், மூட்டு வலிக்காரர்கள், இருமல்காரர்கள், ஒன்றும் இல்லாதவர்கள் எல்லோரும் அவன் வாசலில் நின்றார்கள். எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, எவ்வளவு வரும் என்றுதான் கேட்டார்கள். தொழிற்சாலை சூப்பர்வைசர் சிவனணைந்தான் குடையை ஊன்றிக்கொண்டு வந்து, வீட்டுக்கு இரண்டு வாளி, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிகளுக்கு முதலில், தள்ளுமுள்ளு கூடாது என்று சட்டம் போட்டுவிட்டுத் தன் வாளியை நீட்டினார். யாரோ தொட்டிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொல்ல ஆளில்லாமல் இத்தனை வருஷம் வாழ்ந்த இசக்கிமுத்துவை, எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். ஆள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான்.

மழை விடவில்லை, வெந்நீரும் விடவில்லை. வீட்டுக்கு வீடு பின்வாசலில் இருந்த விறகடுப்புகளில் காளான் முளைத்தது. விறகு பொறுக்கப் போவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். பச்சைத் தண்ணீரில் அரிசி களைந்தால் கை துடித்தது, வாய் கொப்பளித்தால் பல் கூசியது, இதே தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது வெறும் தண்ணீரைத் தீயைப் பார்ப்பதுபோல் ஒதுங்கிப் பார்த்தார்கள். தண்ணீரின் சூடும் தினம் கொஞ்சம் ஏறியது. முதலில் அப்படியே ஊற்றிக்கொண்டவர்கள் பிறகு பாதிக்குப் பாதி விளாவ வேண்டியிருந்தது, பிறகு வாளிக்கு ஒரு செம்பு வெந்நீரே போதுமாக இருந்தது. குளியலறைச் சுவரில் பல்லி ஒட்டுவதில்லை. ஒரு நாள் இசக்கிமுத்து தொட்டிக்குத் தண்ணீர் போகிற குழாயை அடைத்துப் பார்த்தான், அப்போதும் வந்தது, அதை அவன் செல்வியிடம் சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் செல்விக்குத் தெரியாமல் இல்லை. யாரும் இல்லாத மத்தியானங்களில், தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல் தொட்டிக்குள் ஒரு சத்தம் வரும். அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அதைவிட அவளைப் பயமுறுத்தியது செண்பகா. ஷாக் அடிக்கிற காலத்தில் அந்தக் குழாயிடம் இருந்த பயம், வெந்நீர் வந்ததும் பிள்ளைக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் மழைக்கு மூடிக் கிடந்ததால் நாள் முழுக்கக் குளியலறைப் படியில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான சுவரில் முதுகைச் சாய்த்து, சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னடி பேசுகிறாய் என்று கேட்டால், சும்மா, அவங்களுக்குப் பொழுது போக வேண்டாமா என்றாள். எவங்களுக்கு என்று செல்வி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

பிறகு ஒரு காலையில் செண்பகாவுக்குக் காய்ச்சல் கண்டு, காதுக்குப் பின்னால் முத்து போல ஒன்று கிளம்பியது, சாயங்காலத்துக்குள் முதுகெல்லாம் பரவியது. அம்மை வார்த்திருக்கிறது. டிஸ்பென்சரி நர்ஸ் வாசலோடு நின்று பார்த்துவிட்டு, பூசிக்கொள்ள ஒரு மருந்து கொடுத்து, தானாக இறங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனாள். செல்வி வாசல் நிலையில் வேப்பிலை சொருகினாள்.

வேப்பிலை சொருகிவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு முறை உண்டு. தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டிலிருந்து ஒரு பொருள், ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகக் கூடாது. அம்மன் வந்து தங்கியிருக்கிறாள், அவள் தங்குகிற வரைக்கும் அது அவள் வீடு. முத்து காய்ந்ததும் ஒற்றைப்படை நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி அவளை அனுப்பிவைக்க வேண்டும், அந்தத் தண்ணீரை அடுப்பில் வைக்கக் கூடாது. அம்மையே சூடு, அதன் மேல் நெருப்புப் பட்ட தண்ணீரை ஊற்றினால் அவள் கோபித்துக்கொண்டு போகாமல் உட்கார்ந்துவிடுவாள். வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீர்தான் ஆகும். பனிமேட்டில் வெயில் எங்கே இருக்கிறது? செல்வி பித்தளைப் பானையில் தண்ணீர் நிறைத்து வேப்பங்கொத்தைப் போட்டு முற்றத்தில் வைத்தாள். மேகம் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மழை பெய்து பானை வழிந்தது, வேப்பிலை அழுகியது, அவள் கொட்டிவிட்டு மறுபடி நிறைத்து வைத்தாள்.

வேப்பிலை தொங்கிய நாளிலிருந்து வெந்நீரும் நின்றது. நின்றது என்றால், குழாயில் நிற்கவில்லை, வெளியே போகாமல் வாசலோடு நின்றது. குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே இருமலாகிவிட்டது. அடுப்பு மூட்டலாமென்றால் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. பச்சைத் தண்ணீரைத் தொட்டாலே உதறல் எடுத்தது. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியின் மகள் பிள்ளை பெற்று வந்து கிடந்தாள், அந்தக் குழந்தையின் உதடு நீலமாக இருக்கிறது என்று முத்துப்பேச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். முதலில் எல்லோரும் பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகு, முத்து காய்ந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். பிறகு, எப்போது தண்ணீர் ஊற்றப் போகிறாய் என்று மட்டும் விசாரித்தார்கள்.

முத்து காய்ந்தது, ஒற்றைப்படை நாட்கள் வந்து வந்து போயின, வெயில் வரவில்லை. ஒரு காலையில் சிவனணைந்தான் ஊரைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்றார். பெரிய மனுஷர், நாலும் யோசித்துத்தான் வந்திருந்தார்.

“ஏ தாயி, நான் சொல்லுததைக் கொஞ்சம் கேளு. அம்மைக்கு ஆகாதது எது? நெருப்பு. உங்க வீட்டுத் தண்ணியில நெருப்புப் பட்டிருக்கா? இல்லை. கரண்ட் பட்டிருக்கா? அதுவும் இல்லை. விறகு இல்லாம, கரண்ட் இல்லாம தானா சுட்ட தண்ணின்னா, அது வெயில் தண்ணி கணக்குத்தானே?”

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் சிலர் சிரித்தார்கள். செல்வி நிலைப்படியில் நின்றபடியே பேசினாள்.

“வெயில் எங்க இருந்து வருதுன்னு நமக்குத் தெரியும், அண்ணாச்சி. இது எங்க இருந்து வருதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?”

யாரும் அங்கிருந்து போகவில்லை. மழையில் நனைந்தபடி, இருமிக்கொண்டு, குழந்தைகளைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு, ஒரு கெட்ட வார்த்தை பேசாமல் அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கெட்ட வார்த்தை பேசியிருந்தால் செல்வி கதவை அடித்துச் சாத்தியிருப்பாள். உள்ளே இசக்கிமுத்து அவள் முகத்தைப் பார்க்காமல், அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது என்று முனகினான். செண்பகா உடம்பெல்லாம் அரித்து, சொறியாதே என்று கட்டிவைத்த கையைப் பாயில் தேய்த்துக்கொண்டு, என்னை எப்பம்மா வெளியே விடுவே, எல்லாரும் என்னைப் பாக்கத்தானே வந்திருக்காங்க என்று கேட்டாள். செல்வியை அந்த வாதம் ஜெயிக்கவில்லை, இந்தக் கேள்விதான் ஜெயித்தது. மறுநாள் ஒற்றைப்படை நாள். அவள் பித்தளைப் பானையை உள்ளே எடுத்துவந்து, இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயடியில் வைத்தாள்.

விடிந்ததும் வெந்நீரைப் பிடித்து விளாவி ஊற்றினாள். வேப்பங்கொத்தைத் தோய்த்து, மஞ்சளைக் கரைத்து, தாயே, எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மனம் குளிர்ந்து போய் வா என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு செம்பு செம்பாக மொண்டு தலையில் ஊற்றினாள். ஆவியில் பிள்ளை முகமே தெரியவில்லை. சுடுதாடி என்று கேட்டால், இல்லம்மா, நல்லா இருக்கு என்று சிரித்தாள். கடைசிச் செம்பு தலையில் விழுந்தபோது தொட்டிக்குள் கட்டிலிலிருந்து யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைத் துவட்டிப் பார்த்தால், தோலில் ஒரு பொருக்கு இல்லை, ஒரு தழும்பு இல்லை. இசக்கிமுத்து குழாயைத் திறந்தான், எலும்பு நோகிற மாதிரி பச்சைத் தண்ணீர் வந்தது. அவன் அடைத்துத் திறந்தான், தட்டினான், மூடியைக் கழற்றிப் பார்த்தான். காலித் தொட்டிக்குள் துருதான் இருந்தது.

அந்த நாளே மழை விட்டது. மறுநாள் காலையில் மலைக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக, மெலிசாக, கூச்சத்தோடு வெயில் வந்து முற்றத்தில் பித்தளைப் பானை இருந்த வெறும் இடத்தில் விழுந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று செல்வி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பனிமேட்டில் வேறு யாரும் அந்த வெயிலை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

செண்பகா பால் கேட்டாள். டம்ளரைக் கையில் வாங்கிக் குடிக்கப் போனாள், அதற்குள் பால் பொங்கி அவள் மடியில் வழிந்தது. அவளுக்குச் சுடவில்லை. விளையாட்டாக நினைத்துக்கொண்டு செம்பைத் தொட்டாள், ஈரப் பாவாடையைத் தொட்டாள், தொட்டதெல்லாம் ஆவி விட்டது. செல்வி பிள்ளையைப் பிடித்து இழுத்து, இதை யாரிடமும் காட்டாதே, யாரையும் தொடாதே என்று காதுக்குள் சொன்னாள். ஆனால் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, நிலையில் வேப்பிலை இல்லை, கதவு திறந்திருந்தது. முத்துப்பேச்சி பலகாரம் எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்து, ஆசையாகக் கன்னத்தைத் தடவினாள். தடவிய கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனாள். போகிற அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் துண்டு போட்டு மூடிய ஒரு வாளி இருந்தது. அவளுக்குப் பின்னால் அவள் மகள் குழந்தையோடு நின்றாள், அதற்குப் பின்னால் இருமல்காரர்கள், மூட்டு வலிக்காரர்கள், ஒன்றும் இல்லாதவர்கள், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிவனணைந்தான். தள்ளுமுள்ளு இல்லை. எல்லோரும் கொஞ்சம் வெட்கத்தோடு, கல்யாண வீட்டுப் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றார்கள்.

“ஒரு விரலை வச்சாப் போதும், மதினி. பச்சைப் பிள்ளைக்குத்தான்,” என்றாள் முத்துப்பேச்சி.

செல்வி முடியாது என்றுதான் சொன்னாள். ஆனால் இத்தனை நாள் தனியாகக் கிடந்த செண்பகா, ஊரே தன்னைப் பார்க்க வந்திருக்கிற சந்தோஷத்தில் அம்மாவின் கைக்கு அடியில் நுழைந்து வெளியே ஓடிவந்து, வாளிக்குள் கையை விட்டாள். தண்ணீர் ஆவி விட்டது. முத்துப்பேச்சி அழுதாள், அவள் மகள் செண்பகாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், அந்தக் குழந்தையை அங்கேயே வாசலில் வைத்துக் குளிப்பாட்டினார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உதடு சிவந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படிக் கதவைச் சாத்துவது? அடுத்த வாளி வந்தது, அதற்கடுத்தது வந்தது. எல்லோரும் பிள்ளையின் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார்கள், மகராசி என்றார்கள், நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று மனதாரச் சொன்னார்கள். இசக்கிமுத்து மகள் பக்கத்தில் நின்று, பொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறைய ஊற்றாதீர்கள் என்று வாளிகளை வாங்கி வாங்கி வைத்தான். செல்வி பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்தாள். கன்னத்தில் இருந்த சிவப்பு வாளிக்கு வாளி இறங்கிக்கொண்டு வந்தது.

ஏதோ ஒரு வாளியில் கை இருக்கும்போது செண்பகா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, எனக்குக் குளுருது.”

எல்லோருக்கும் கேட்டது. யாரும் முன்னால் வரவில்லை, யாரும் பின்னாலும் போகவில்லை. நடுவிலிருந்து ஒரு குரல், யாருடையது என்று செல்வி பார்க்கவில்லை, ரொம்பப் பிரியமாகச் சொன்னது.

“பிள்ளைக்கு ஒரு கம்பளியப் போத்தி விடுங்க.”

இசக்கிமுத்து கம்பளி எடுக்க உள்ளே போனான். செல்வி பிள்ளையை வாளியிலிருந்து பிடுங்கித் தூக்கினாள். நகமெல்லாம் நீலமாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, கதவுக்கே முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். கம்பளியோடு வந்து நின்ற புருஷனைக் கிட்ட வராதே என்றாள். பிள்ளையின் பல் தந்தியடித்தது, பிறகு மெல்ல அடங்கியது, மறுபடி உள்ளங்கையில் சூடு ஊறத் தொடங்கியது. பெற்றவள், தன் பிள்ளையின் உடம்பு சூடேற வேண்டாம், ஏறவே வேண்டாம், சாமி என்று வேண்டினாள்.

வெளியே ஆட்கள் கலைந்து போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். போனார்கள்தான். போவதற்கு முன்னால் வாசலிலிருந்து படி வரைக்கும், படியிலிருந்து பாதை வரைக்கும், வாளிகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தரையில் வைத்து, நாளைக்கு இடம் போட்டுவிட்டுப் போனார்கள்.